ஐந்து புத்தகங்கள், ஒரு விருது: உங்கள் ஓட்டு எதற்கு?

பென்சில்கோடு எழுதியது:

வணக்கம். நாங்கள் நாற்பது பேர் இருக்கும் ஒரு வாசகர் குழு. வருடக் கடைசியில் அந்த வருடம் வந்த புத்தகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எழுதியவருக்கு ஒரு கடிதமும் சின்னதாக ஒரு பரிசும் அனுப்புவோம். பெரிய விருது ஒன்றும் இல்லை. ஆனால் போன முறை பரிசு வாங்கியவர், படித்தவர்கள் கையிலிருந்து வந்தது என்பதுதான் தனக்குப் பெரிது என்று பதில் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் நடந்தது வேறு. அந்த நாவலுக்கு விழுந்தது இருபத்திரண்டு ஓட்டு. அப்புறம் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது, ஓட்டுப் போட்டவர்களில் கடைசி அத்தியாயம் வரை போனவர்கள் ஒன்பது பேர்தான் என்று தெரிந்தது. மீதிப் பதிமூன்று பேரும் எழுத்தாளரின் பேருக்காகவும், அவருடைய பழைய புத்தகங்கள் மேல் இருந்த பிரியத்துக்காகவும் போட்டிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, அந்தப் பதிமூன்றில் நானும் ஒருத்தி.

இந்த முறை கடைசிச் சுற்றில் ஐந்து இருக்கின்றன. தலைப்பை வேண்டுமென்றே சொல்லவில்லை, பேரைக் கேட்டதுமே மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. உங்களில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவீர்கள், பரவாயில்லை, இங்கே பேர் மட்டும் போட வேண்டாம்.

முதலாவது எண்ணூறு பக்கத்துக்கு மேல் போகும் ஒரு குடும்ப நாவல், மூன்று தலைமுறைக் கதை, எழுதியவர் எல்லாருக்கும் தெரிந்தவர். இதில் மட்டும் நான் இன்னும் பாதியில் இருக்கிறேன். இரண்டாவது ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒன்பது கதைகள், எழுதியவருக்கு இதுதான் முதல் புத்தகம். மூன்றாவது ஒரு மொழிபெயர்ப்பு நாவல், மூல மொழியில் வந்து இருபது வருடம் ஆகிவிட்டது, நம் கைக்கு வந்தது இந்த வருடம். நான்காவது, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இரவுப் பணி பார்த்த ஒரு செவிலியர் எழுதிய அனுபவ நூல். ஐந்தாவது ஒரு துப்பறியும் நாவல்.

என் மனசு சிறுகதைத் தொகுப்பின் பக்கம். அதில் ஒரு கதை: அப்பா போய்ச் சில வாரம் கழித்து, மகள் அவருடைய போனில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னும் யாருக்குத் தகவல் சொல்லவில்லை என்று சரிபார்க்கிறாள். ஒரு எண்ணுக்குப் பேர் இல்லை, பேர் போடும் இடத்தில் வெறும் புள்ளி. மாதம் ஒரு முறை, எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியதே இல்லை. அவள் கூப்பிடுகிறாள். எடுத்தவர், "என்ன, இந்த மாதம் தாமதமாகிவிட்டது?" என்று கேட்கிறார். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. நான் புத்தகத்தை மூடிவிட்டு என் போனை எடுத்து அதில் இருக்கும் பேர்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்பதில் மூன்று கதைகள் சுமார்தான். ஒரு கதை இவ்வளவு பிடித்துப்போனதற்காக முழுப் புத்தகத்துக்கும் விருது கொடுக்கலாமா? உங்களுக்கு ஓட்டு இருந்தால் எதற்குப் போடுவீர்கள், எதை வைத்துப் போடுவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியமாக வேண்டும்.


அடிக்குறிப்பு எழுதியது:

என் ஓட்டு குடும்ப நாவலுக்கு. எது என்று தெரிந்துவிட்டது, இருபத்தாறு நாளில் முழுசாகப் படித்தேன். நடுவில் நில வழக்கு நடக்கும் நூறு பக்கம் இழுவைதான், மறுக்கவில்லை. எழுத்தாளர் பிரபலம் என்பதற்காகவும் நான் சொல்லவில்லை, அவருடைய முந்தைய இரண்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். அறுநூறாம் பக்கம் தாண்டி ஓர் இடம் வரும். பழைய வீட்டை விற்பதற்கு முன்னால் பேரன் ஒரு கதவு நிலையின் பெயின்டைச் சுரண்டுகிறான். அடியில் பென்சில் கோடுகள், தாத்தாவின் தலைமுறைப் பிள்ளைகளை நிற்க வைத்து உயரம் குறித்த கோடுகள். குடும்பத்தில் எப்போதும் ஐந்து பிள்ளைகள் என்றுதான் பேச்சு. நிலையில் ஆறு பேருக்குக் கோடு இருக்கிறது. அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை, அப்புறம்தான் எழுபதாம் பக்கத்தில் ஒரு குழந்தை காய்ச்சலில் போனது ஞாபகம் வந்தது. அரைப் பக்கம்கூட இல்லாத சம்பவம். அதை நான் படித்தேன், வருத்தப்பட்டேன், மறந்தும் போனேன், அந்தக் குடும்பம் மறந்த மாதிரியே. இப்படி ஒரு மறதியை எனக்குள்ளேயே உண்டாக்க அந்த ஆளுக்கு ஐந்நூறு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. இருபது பக்கக் கதையில் இதைச் செய்யவே முடியாது, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

அதனால் என் அளவுகோல் இதுதான்: புத்தகம் எவ்வளவு பெரிய காரியத்தில் கை வைத்தது, அதில் எவ்வளவு தூரம் போனது. சின்னதாக ஒன்றை எடுத்துப் பிசகில்லாமல் முடிப்பதைவிட, பெரிதாக எடுத்து நூறு பக்கம் சறுக்குவது எனக்கு மேல். ஒன்பதில் மூன்று சுமார் என்று நீங்களே சொல்கிறீர்கள், அது புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு. எண்ணூறில் நூறு அவ்வளவு இல்லை.


ராத்திரிவாசிப்பு எழுதியது:

சிறுகதைத் தொகுப்பை இப்படிக் கணக்குப் போட்டுக் குறைப்பது ரொம்ப நாளாக நடப்பதுதான். அமெரிக்காவின் புலிட்சர் பரிசிலேயே 1947 வரை அந்தப் பிரிவுக்கு நாவல் என்றுதான் பேர், 1948-இல்தான் புனைவு என்று மாற்றினார்கள், அதற்குப் பிறகுதான் சிறுகதைகளுக்கு அங்கே முறையாக வாசல் திறந்தது. ஆலிஸ் மன்றோ வாழ்நாள் முழுக்கச் சிறுகதையே எழுதி 2013-இல் நோபல் வாங்கினார். இத்தனைக்குப் பிறகும் பக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் என் ஓட்டு செவிலியர் புத்தகத்துக்கு. இந்தப் பட்டியலில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். புனைவு இல்லை என்பதால் அது வேறு பந்தி என்று நினைக்கிறார்கள். ஸ்வெத்லானா அலெக்சியேவிச் 2015-இல் நோபல் வாங்கியது உண்மை மனிதர்களின் குரல்களைத் தொகுத்து எழுதிய புத்தகங்களுக்குத்தான். செவிலியர் புத்தகத்தில் மானிட்டர் சத்தங்களைப் பற்றி மட்டும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் அது நிற்காது, எந்தச் சத்தம் ஓடச் சொல்கிறது, எந்தச் சத்தம் வயர் கழன்றதற்கு, எந்தச் சத்தம் நின்றால் பயப்பட வேண்டும் என்று எழுதிக்கொண்டே போகிறார். எங்கேயும் தன்னைத் தியாகி ஆக்கிக்கொள்ளவில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்காகவே கொடுக்கலாம்.


மேசைவிளக்கு எழுதியது:

பென்சில்கோடு, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடம் முன்பு ஒரு விருதுக்கு நடுவராக இருந்தேன். எது என்று வேண்டாம். மூன்று நடுவர்கள், நாற்பத்தொரு புத்தகம், மூன்று மாதம். ஒவ்வொரு புத்தகத்தையும் முடித்த அன்றைக்கே ஒரு நோட்டில் மதிப்பெண்ணும் ஒரு வரியும் எழுதி வைப்பேன். பதினைந்தாவது புத்தகத்துக்குப் பிறகு நான் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்துவிட்டேன் என்பது அப்போது தெரியவில்லை. முதல் பக்கத்திலேயே சட்டையைப் பிடித்து இழுக்கும் புத்தகங்களுக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மெதுவாக ஆரம்பிக்கும் புத்தகம் என்றால், களைப்பை எல்லாம் அதன் தலையில் இறக்கியிருக்கிறேன். கடைசியில் நோட்டைப் புரட்டினால், பத்துக்கு எட்டரை கொடுத்த ஒரு நாவலின் முக்கியப் பாத்திரத்தின் பேர் எனக்கு ஞாபகமில்லை. ஆறு கொடுத்த ஒரு புத்தகத்தில் வரும் ஒரு பாட்டியின் பேச்சு அப்படியே காதில் இருந்தது. அந்த ஆறு கொடுத்த புத்தகம் குறும்பட்டியலுக்கே வரவில்லை. அதில் என் கையும் உண்டு என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் கூட்டம். மூன்று பேருக்கும் மூன்று வேறு புத்தகங்கள் உயிராக இருந்தன. யாரும் இறங்கி வரவில்லை. நாலு மணி நேரம் பேசிவிட்டு, யாருக்கும் உயிராக இல்லாத, யாருக்கும் ஆட்சேபம் இல்லாத நான்காவது ஒன்றுக்குக் கொடுத்தோம். நல்ல புத்தகம்தான். ஆனால் அந்த அறையில் ஒருவர்கூட அதற்காகக் குரல் உயர்த்தவில்லை.

பெரிய விருதுகளிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. ஆங்கில நாவலுக்குக் கொடுக்கும் புக்கர் பரிசில் ஐந்து நடுவர்கள், பதின்மூன்று புத்தக நெடும்பட்டியல், ஆறு புத்தகக் குறும்பட்டியல். 1992-இல் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்த பிறகு, இனிமேல் பிரிக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். அந்த விதி இருக்கும்போதே 2019-இல் நடுவர்கள் இருவரில் ஒருவரையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று நின்று, மார்கரெட் அட்வுட்டுக்கும் பெர்னார்டின் எவரிஸ்டோவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். புலிட்சரில் 2012-ஆம் வருடம் நடுவர்கள் மூன்று நாவல்களைப் பரிந்துரைத்தார்கள், மேலே இருக்கும் குழுவில் எதற்கும் பெரும்பான்மை வரவில்லை, புனைவுக்குப் பரிசே இல்லாமல் அந்த வருடம் போயிற்று.

புக்கரில் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம், குறும்பட்டியலில் இருப்பவற்றை நடுவர்கள் மறுபடியும் படித்துவிட்டுத்தான் கடைசி முடிவுக்கு உட்காருகிறார்கள். முதல் வாசிப்பில் என்ன ஆகப்போகிறது என்ற ஆர்வம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது முறை அது இருக்காது, வாக்கியங்கள்தான் தாங்க வேண்டும். உங்கள் நாற்பது பேரால் ஐந்தையும் முழுசாக இரண்டாம் முறை படிக்க முடியாதுதான். ஆனால் படித்து முடித்து ஒரு மாதம் கழித்து, முதல் இருபது பக்கத்தை மட்டும் திரும்பப் படித்துவிட்டு ஓட்டுப் போடச் சொல்லுங்கள். இருபது பக்கம் எல்லாராலும் முடியும். என் நோட்டில் அந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் பாதி மதிப்பெண் மாறியிருக்கும்.


இரண்டாம்கரை எழுதியது:

மொழிபெயர்ப்பு நாவலுக்கு இதுவரை ஒருவர்கூடப் பேசவில்லை. இருபது வருடம் முன்னால் வந்தது என்று கேள்வியிலேயே சொன்னதும், அது இந்த வருடக் கணக்கில் வராது என்று மனசுக்குள் தள்ளி வைத்துவிட்டீர்களோ என்று படுகிறது.

எந்த மொழிக்கு எப்போது வந்ததோ அதுதான் அந்த வாசகருக்குப் பிறந்த வருடம். கீதாஞ்சலி ஸ்ரீ இந்தியில் ரேத் சமாதியை வெளியிட்டது 2018, அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு, மொழிபெயர்ப்புகளுக்கென்றே இருக்கும் சர்வதேச புக்கர் கிடைத்தது 2022. பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் 1990-இலிருந்து 2023 வரை எழுதியவை, அவற்றிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்தவர் தீபா பாஸ்தி, 2025-இல் சர்வதேச புக்கர் அந்தத் தொகுப்புக்குத்தான் போனது. அந்தப் பரிசு சிறுகதைத் தொகுப்புக்குப் போனது அதுதான் முதல் தடவை, அடிக்குறிப்பு, நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பரிசுத் தொகை 50,000 பவுண்டு, எழுத்தாளருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி. உங்கள் குழு இந்த நாவலுக்குக் கொடுப்பதானால் கடிதம் இரண்டு போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பேரைப் பின்னட்டையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில்தான் பாதிப் புத்தகங்கள் வருகின்றன.

வருடம் என்ற கணக்கே எவ்வளவு தற்செயலானது என்பதற்கு ஓர் உதாரணம். புக்கர் விதிகளை 1971-இல் மாற்றியபோது, 1970-இல் வந்த நாவல்கள் பெரும்பாலும் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் விழுந்துவிட்டன. நாற்பது வருடம் கழித்து, 2010-இல், தொலைந்த அந்த வருடத்துக்காகவே ஒரு பரிசு வைத்து வாசகர்களை ஓட்டுப் போடச் சொன்னார்கள். ஜே. ஜி. ஃபாரல் எழுதிய நாவல் ஜெயித்தது. அவர் 1979-இலேயே இறந்துவிட்டார். நம் சாகித்ய அகாதமியும் ஒற்றை வருடத்தைப் பார்ப்பதில்லை, ஐந்து வருடத்து நூல்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. சிறுவர் இலக்கியத்துக்கு ஃபீனிக்ஸ் விருது என்று ஒன்று உண்டு, இருபது வருடம் முன்னால் வந்து அப்போது பெரிய பரிசு எதுவும் வாங்காத புத்தகத்துக்குத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாவலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அதில் வரும் மாமியார் யாரையும் நேராகத் திட்ட மாட்டார், எல்லாவற்றையும் வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்தே சொல்வார். அந்தப் பேச்சு மொழிபெயர்ப்பு என்றே தெரியவில்லை. நம் வீட்டுப் பெரியவர் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒருவர் எத்தனை முறை அடித்து அடித்து எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.


கடைசிப்பக்கம் எழுதியது:

துப்பறியும் நாவலுக்கு ஓட்டுப் போடுகிறேன், தயக்கமே இல்லை. இந்தப் பட்டியலில் ஐந்தாவதாக அது நிற்பதைப் பார்த்தாலே, சும்மா ஒன்று இருக்கட்டும் என்று சேர்த்த மாதிரித் தெரிகிறது. மேசைவிளக்கு சொன்ன இரண்டாம் வாசிப்பை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். கொலைகாரர் யார் என்று தெரிந்த பிறகு முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தேன், எங்கேயாவது ஏமாற்றியிருக்கிறாரா என்று கையில் பேனாவோடு. ஓர் இடத்தில்கூடக் கதைசொல்லி பொய் சொல்லவில்லை. இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒருவர் ஈரக் குடையை மடிக்காமல் மாடிக்கு எடுத்துப் போகிறார், அவ்வளவுதான், முழு விடையும் அங்கே இருக்கிறது. முதல் முறை நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். வாசகரை மதித்து எழுதிய எழுத்து என்றால் எனக்கு அதுதான்.

ஆனால் இது ஜெயிக்காது என்று தெரியும். அதனால் ஓட்டு எடுக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வைக்காதீர்கள். அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருதில் வாசகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடுகிறார்கள். அதில் விருது இல்லை என்பதும் ஒரு தேர்வு. 2015-இல் வேண்டாத ஆட்கள் கூட்டாகச் சேர்ந்து பட்டியலை நிரப்பிவிட்டார்கள் என்று கோபப்பட்ட வாசகர்கள், ஐந்து பிரிவுகளில் விருது இல்லை என்பதையே ஜெயிக்க வைத்தார்கள்.

உங்கள் நாற்பது பேரை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதல் இடமாகக் குடும்ப நாவலுக்கு 15 பேர், சிறுகதைக்கு 10, மொழிபெயர்ப்புக்கு 8, செவிலியர் நூலுக்கு 4, துப்பறியும் நாவலுக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் 15 பேர் பிடித்ததற்கே விருது, மீதி 25 பேர் சொன்னது வீண். வரிசை முறையில் யாராவது 21-ஐத் தொட வேண்டும். கடைசியில் இருக்கும் துப்பறியும் நாவலை எடுத்துவிட்டு, அந்த மூன்று பேரின் இரண்டாவது இடத்தைப் பார்க்கிறோம், இரண்டு சிறுகதைக்கும் ஒன்று செவிலியருக்கும் போகிறது. இப்போது செவிலியர் 5-ஓடு கடைசி, அதையும் எடுத்தால் மூன்று சிறுகதைக்கு, ஒன்று மொழிபெயர்ப்புக்கு, ஒன்று குடும்ப நாவலுக்கு. ஆக 16, 15, 9. மொழிபெயர்ப்பு வெளியே போகிறது, அந்த ஒன்பதில் ஏழு பேர் சிறுகதையை அடுத்து வைத்திருந்தால் சிறுகதை 22, குடும்ப நாவல் 18. முடிவே மாறிவிட்டது. என் புத்தகம் முதலிலேயே வெளியே போனாலும் என் சொல் கடைசி வரை உள்ளே இருந்தது.

எண்களை நான் இட்டுக்கட்டினேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேறு மாதிரி வரிசை வந்தால் குடும்ப நாவலே ஜெயிக்கலாம்.


அடிக்குறிப்பு எழுதியது:

கடைசிப்பக்கம், கணக்கு புரிந்தது, முறையும் நியாயம்தான். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லாருக்கும் இரண்டாவதாகப் பிடித்த ஒன்று மெல்ல மேலே ஏறிவரும். மேசைவிளக்கு இருந்த அறையில் நடந்தது நாற்பது பேரை வைத்து நடக்கும்.


மேசைவிளக்கு எழுதியது:

நானும் அதையே யோசித்தேன். ஆனால் இந்த முறையில் யாருக்கும் முதல் இடத்தில் இல்லாத புத்தகம் முதல் சுற்றிலேயே விழுந்துவிடுகிறது பாருங்கள். நாங்கள் அன்றைக்குக் கொடுத்த புத்தகத்துக்கு முதல் இடம் ஒன்றுகூட வந்திருக்காது. ஜெயிக்க வேண்டுமானால் கொஞ்சம் பேருக்காவது அது உயிராக இருந்தே ஆக வேண்டும். எனக்கு இது போதும்.

பேரைச் சொல்லாமல் கேட்டது நல்ல காரியம் பென்சில்கோடு. பிரான்சில் கோன்கூர் பரிசை ஒருவருக்கு ஒரு முறைதான் கொடுப்பார்கள். ரொமேன் கேரி 1956-இல் வாங்கினார். 1975-இல் எமில் அஜார் என்ற பேரில் எழுதிய நாவலுக்கு மறுபடியும் கொடுத்துவிட்டார்கள், இரண்டும் ஒரே ஆள் என்று அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. பேர் தெரியாமல் படித்தும் அதே எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால் அந்த நடுவர்களுக்கு அது பெருமைதான்.


ராத்திரிவாசிப்பு எழுதியது:

முதலில் செய்ய வேண்டியதை எல்லாரும் தாண்டிப் போகிறோம். ஐந்தையும் படித்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட வேண்டும் என்று வையுங்கள். எந்த முறை வைத்தாலும் படிக்காதவர் போடும் வரிசைக்கு அர்த்தம் இல்லை. போன வருடத்துப் பதிமூன்று பேர் இந்த வருடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதித் தருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.


இரண்டாம்கரை எழுதியது:

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. எண்ணூறு பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும் என்றால் நாற்பதில் பத்துப் பேர்தான் மிஞ்சுவார்கள், வேலை, வீடு, குழந்தை என்று இருப்பவர்கள் எல்லாரும் வெளியே நிற்பார்கள். படித்தவற்றை மட்டும் வரிசைப்படுத்தட்டும், படிக்காததை விட்டுவிடட்டும். ஆனால் எதைப் படிக்கவில்லை என்று அந்தச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். கேட்டால் பொய் எழுத மாட்டார்கள். போன முறை யாரும் கேட்கவே இல்லையே.


பென்சில்கோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, நிஜமாகவே. மூன்று நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அடிக்குறிப்பு, கதவு நிலை விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களே என்று முதலில் கோபம் வந்தது, நான் அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தேனே. வீம்புக்கு இரண்டு ராத்திரி உட்கார்ந்து அதுவரை படித்தேன். என்ன வரப்போகிறது என்று தெரிந்தே படித்தேன். தெரிந்தும், அவன் நாலாவது கோட்டைச் சுரண்டும்போது கை தானாக எழுபதாம் பக்கத்துக்குப் போயிற்று. அந்தக் குழந்தையின் பேரை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பேர் ஒரே ஒரு தடவைதான் வருகிறது.

குழுவில் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். வரிசை முறைதான். சீட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே முழுசாக, பாதி, இல்லை என்று ஒரு குறி போட வேண்டும். பாதியில் விட்டவற்றுக்கு முதல் இடம் கொடுக்க முடியாது, மற்ற இடம் கொடுக்கலாம். ஓட்டுக்கு முன்னால் எல்லாரும் எல்லாவற்றிலும் முதல் இருபது பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு ஜெயித்தால் கடிதம் இரண்டு. என் வரிசையை இப்போது சொல்லவில்லை, சிறுகதையை முதல் இடத்தில் வைத்து எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். திரும்ப அதையே எழுதலாம், தெரியவில்லை. அந்தப் புள்ளி வைத்த எண் கதையை மறுபடி படிக்க வேண்டும். ஓட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை.


புதுப்பக்கம் எழுதியது:

நான் இவர்கள் குழுவில்தான் இருக்கிறேன், இங்கே எழுதுவது முதல் தடவை. போன வருடம் படிக்காமல் ஓட்டுப் போட்டவர்களில் நானும் உண்டு. இப்போது குடும்ப நாவலில் 430-ஆம் பக்கத்தில் இருக்கிறேன், அந்த நில வழக்கில்தான். ஓட்டை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா அக்கா? முழுசாக என்ற கட்டத்தில் குறி போட ஆசையாக இருக்கிறது.


பென்சில்கோடு எழுதியது:

தள்ளி வைத்தாயிற்று. இன்னும் நாலு பேர் தனியாக இதையே கேட்டிருந்தார்கள். வழக்கு 480-இல் முடிந்துவிடும், விட்டுவிடாதீர்கள்.